ஆன்லைன் கடை கூடுதலாகப் பிடித்த பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

ஆர்டர் போடும்போது பார்த்த விலை ஒன்று, கணக்கிலிருந்து போன தொகை இன்னொன்று. இப்படிப் பணத்தை விட்டுவிட்டு, எங்கே கேட்பது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்கு ஒரு மிக்ஸி ஜார் ஆன்லைனில் வாங்கினோம். ஜாரின் விலை 849 ரூபாய். கணக்கில் கழிந்ததோ 1,297. பில்லைத் திறந்தால் ‘மெம்பர்ஷிப்’ என்று 399, ‘பேக்கிங்’ என்று 49. யாரும் எந்த மெம்பர்ஷிப்பும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அதே தேதியில் மறுபடியும் 399 போனது. கடையைக் கேட்டால் வங்கியைக் கேளுங்கள் என்றார்கள், வங்கியைக் கேட்டால் கடையைக் கேளுங்கள் என்றார்கள். கடைசியில் பணம் முழுவதும் வந்துவிட்டது. ஆனால் எந்த வரிசையில் போக வேண்டும் என்று முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அந்த வரிசைதான் இது.

இங்கே சொல்லும் விதிகளும் எண்களும் இந்தியாவில் இருப்பவர்களுக்கானவை. தொகை சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள். இந்தக் கடைகள் நம்பியிருப்பதே, 49 ரூபாய்க்கு யார் மெனக்கெடப் போகிறார்கள் என்பதைத்தான்.

1. முதலில், எந்த வகைக் கூடுதல் என்று பிரியுங்கள்

எல்லாக் கூடுதலுக்கும் ஒரே மருந்து கிடையாது. பில்லையும் வங்கிக் குறுஞ்செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பணம் போய்விட்டது, ஆனால் ஆர்டரே பதிவாகவில்லை என்றால் அது தோல்வியடைந்த பரிவர்த்தனை. இதற்குக் கடையோடு சண்டை வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, கடைக்குக் கட்டிய யுபிஐ பணமோ கார்டு பணமோ உறுதியாகாமல் நின்றால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் வங்கி தர வேண்டும். ஐந்து நாள் பொறுத்துவிட்டு வங்கிக்கு எழுதுங்கள். இழப்பீட்டையும் சேர்த்தே கேளுங்கள்.

ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் போயிருந்தால், இரண்டுக்கும் தனித்தனிப் பரிவர்த்தனை எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இரட்டைப் பிடித்தம். கடைக்கும் வங்கிக்கும் இரண்டு எண்களையும் கொடுத்தால் பெரும்பாலும் சீக்கிரம் முடிந்துவிடும்.

பாக்கெட்டில் அச்சிட்ட எம்ஆர்பியை விடக் கூடுதலாக வாங்கியிருந்தால், அல்லது எம்ஆர்பி மேல் ஜிஎஸ்டி என்று தனியாகப் போட்டிருந்தால், அது நேரடியான சட்டமீறல். எம்ஆர்பி என்பதே எல்லா வரியும் சேர்ந்த விலை. டெலிவரிக் கட்டணம் வேறு, அதை முன்கூட்டியே காட்டிவிட்டுத் தனியாக வாங்கலாம். பொருளின் விலையை மட்டும் எம்ஆர்பிக்கு மேலே ஏற்ற முடியாது. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைக் கவனிப்பது தொழிலாளர் துறை. பாக்கெட்டின் விலை அச்சையும் பில்லையும் படமெடுத்து அங்கேயும் ஒரு புகார் கொடுங்கள்.

வெளிநாட்டுத் தளத்தில் வாங்கியிருந்தால், கூடுதல் தொகை கடை பிடித்தது என்று சட்டென்று முடிவு கட்டாதீர்கள். வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் அதில் இருக்கும். பல கார்டுகளில் அந்தக் கட்டணம் 3.5 சதவீதம் வரை போகிறது. அதைக் கடையிடம் கேட்டுப் பயனில்லை.

நீங்கள் வாங்கவே வாங்காத, பெயரே தெரியாத கடைக்குப் பணம் போயிருந்தால் அது மோசடி. இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு உடனே வங்கியை அழைத்துக் கார்டை முடக்குங்கள், 1930 சைபர் குற்ற உதவி எண்ணிலும் புகார் கொடுங்கள். வங்கி மீதோ உங்கள் மீதோ தவறில்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி நஷ்டம் உங்கள் தலையில் விழாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் ஒரு பகுதி உங்கள் பொறுப்பாகிவிடும்.

மீதி இருப்பதுதான் எங்களுக்கு நடந்தது: கேட்காத பொருளையோ மெம்பர்ஷிப்பையோ நன்கொடையையோ கூடையில் போட்டுவிடுவது, கடைசிப் பக்கத்தில் புதுக் கட்டணங்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது, மாதாமாதம் பிடிப்பது. இதற்குத்தான் நிறைய வேலை இருக்கிறது, கீழே வருவது பெரும்பாலும் அதற்கானது.

2. பக்கம் மாறுவதற்குள் சான்றுகளை எடுத்து வையுங்கள்

புகார் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். ஆர்டர் பக்கத்தில் இருந்த விவரம் பிறகு மாறிவிடும், பொருளின் விலையும் மாறிவிடும். நீங்கள் சொல்வது நிற்க வேண்டுமென்றால் அன்றைய திரை உங்கள் கையில் இருக்க வேண்டும்.

எடுக்க வேண்டியவை: பொருளின் பக்கம் (விலை தெரியும்படி), ஆர்டர் விவரப் பக்கம், இன்வாய்ஸின் பிடிஎஃப், வங்கி அல்லது யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையின் முழு விவரம், வந்த குறுஞ்செய்திகள், மின்னஞ்சல்கள். யுபிஐ பரிவர்த்தனையில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். யுடிஆர் என்றோ ஆர்ஆர்என் என்றோ போட்டிருப்பார்கள். அதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செயலியில் தெரியும் ஆர்டர் எண்ணை வைத்துக்கொண்டு வங்கியால் எதையும் தேட முடியாது. இந்த 12 இலக்கம்தான் அவர்களுக்கு வேண்டும்.

அப்புறம் ஒரு வேலை, இதுதான் எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது. அதே பொருளை மறுபடி கூடையில் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போங்கள், ஆனால் கட்ட வேண்டாம். போனில் திரைப்பதிவை ஓடவிட்டுக்கொண்டே போங்கள். நாங்கள் வாங்கிய கடையில் கூடையில் போட்டதுமே ‘மெம்பர்ஷிப் பலன்கள் சேர்க்கப்பட்டன’ என்று ஒரு பச்சைப் பட்டை வந்தது. அதன் ஓரத்தில் ஏற்கெனவே டிக் போட்ட ஒரு சின்னக் கட்டம். 399 என்ற எண் அந்தப் பட்டையில் எங்குமே இல்லை, ‘விவரம் காண்க’ என்பதைத் தட்டினால்தான் தெரிந்தது. நாம் வாயால் சொன்னால் ‘நீங்கள்தான் ஒப்புக்கொண்டீர்கள்’ என்பார்கள். இந்தப் பதிவைப் பார்த்த பிறகு அப்படி யாரும் சொல்லவில்லை.

அந்தச் செயலியைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், கணக்கையும் மூடாதீர்கள். கணக்கை மூடினால் ஆர்டர் வரலாறும் சாட் உரையாடலும் அதோடு போய்விடும். ஆட்டோபே (மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் அனுமதி) மட்டும் போகாது, அது வங்கிப் பக்கம் உயிரோடு இருக்கும்.

3. அடுத்த பிடித்தத்தை இன்றே நிறுத்துங்கள்

போன பணம் வர நாளாகும். போகப்போகும் பணத்தை இரண்டு நிமிடத்தில் நிறுத்தலாம்.

யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால், உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்ற பகுதி இருக்கும். கூகுள் பே, போன்பே, பேடிஎம், பீம் எல்லாவற்றிலும் சுயவிவரப் பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. திறந்து பாருங்கள். எங்கள் மேண்டேட்டில் இருந்த வரி: மாதந்தோறும், 1,500 ரூபாய் வரை. மெம்பர்ஷிப் 399தான், ஆனால் மாதம் 1,500 வரை எடுக்க அனுமதி வாங்கியிருந்தார்கள். ரத்து செய்யும் பொத்தானை அழுத்தி, யுபிஐ பின் எண்ணைப் போட்டால் முடிந்தது. ரத்தானதைக் காட்டும் திரையையும் படமெடுத்து வையுங்கள்.

கார்டு என்றால் வங்கியின் நெட் பேங்கிங்கிலோ செயலியிலோ இ-மேண்டேட் அல்லது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் பகுதியில் தேடுங்கள். பல வங்கிகள் இதற்கென்று தனி இணையதளம் ஒன்றைப் பயன்படுத்துகின்றன, அதன் இணைப்பு வங்கியின் தளத்திலேயே இருக்கும். கிடைக்கவில்லையென்றால் வங்கிக்கு மின்னஞ்சல் போட்டு, இந்தக் கடையின் மேண்டேட்டை ரத்து செய்யுங்கள் என்று கேளுங்கள். கடையின் செயலியில் மெம்பர்ஷிப்பை ரத்து செய்வது மட்டும் போதாது, இரண்டு பக்கமும் செய்ய வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இப்படித் தானாகப் பிடிக்கும் தொகை எதற்கும், பிடிப்பதற்கு குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கடையின் பெயர், தொகை, தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும், வேண்டாமென்று விலகும் வழியும் இருக்க வேண்டும். விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவில் அது புதைந்து கிடக்கும். தேடிப் பாருங்கள். வரவே இல்லையென்றால் வங்கிக்கு எழுதும் புகாரில் அதை முதல் வரியாக வையுங்கள்.

4. கடையிடம் எழுத்தில் கேளுங்கள்

போனில் பேசலாம், தவறில்லை. ஆனால் பேசியதற்குச் சாட்சி கிடையாது. சாட்டிலும் மின்னஞ்சலிலும் கேட்பதுதான் கணக்கில் சேரும். சாட்டில் முதலில் பேசுவது பெரும்பாலும் இயந்திரம், அதனிடம் நியாயம் பேசி நேரத்தைப் போக்காதீர்கள். டிக்கெட் எண்ணை வாங்கிக்கொண்டு, உரையாடலைப் படமெடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.

உண்மையான கடிதம் குறைதீர் அலுவலருக்குப் போக வேண்டும். 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, ஒவ்வொரு ஆன்லைன் விற்பனைத் தளமும் குறைதீர் அலுவலரின் பெயர், பதவி, தொடர்பு விவரத்தைத் தன் தளத்தில் போட்டிருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முகப்புப் பக்கத்தின் அடியில், விதிமுறைகள் அல்லது தனியுரிமை என்ற இணைப்புக்குள் தேடினால் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். கடையின் கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். மேலே வருகிற எண்களில் போலிகள் கலந்திருக்கின்றன. ரீஃபண்ட் தருகிறோம் என்று சொல்லி, திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொல்வார்கள், ஓடிபி கேட்பார்கள், ‘பணம் வருவதற்கு’ யுபிஐ பின் எண்ணைப் போடச் சொல்வார்கள். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை, அனுப்பத்தான் தேவை. கூடுதலாகப் போன 400 ரூபாயைத் தேடப்போய் கணக்கையே காலி செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். கடையின் செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள்.

கடிதம் சின்னதாக இருக்கட்டும். எவ்வளவு வருத்தப்பட்டீர்கள் என்பது அவர்களுக்குத் தேவையில்லை. எண்கள்தான் தேவை. இந்த மாதிரி எழுதலாம்:

‘ஆர்டர் எண் இது, தேதி இது. நான் வாங்கிய பொருளின் விலை 849 ரூபாய். என் கணக்கில் பிடித்தது 1,297 ரூபாய். யுடிஆர் எண் இது. இதில் மெம்பர்ஷிப் 399 ரூபாய் என் ஒப்புதல் இல்லாமல், முன்பே டிக் செய்த கட்டத்தின் மூலம் சேர்க்கப்பட்டுள்ளது. பேக்கிங் கட்டணம் 49 ரூபாய் பொருளின் பக்கத்தில் காட்டப்படவில்லை. அடுத்த மாதம் மேலும் 399 ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளது. மின்வணிக விதிகள் 2020, முன்பே டிக் செய்த கட்டங்களை ஒப்புதலாகக் கருதக் கூடாது என்கின்றன. மொத்தம் 847 ரூபாயை நான் பணம் கட்டிய அதே வழியில் 7 நாளுக்குள் திருப்பித் தரவும். ஆர்டர் செய்த பொருளைத் திருப்பி அனுப்ப நான் கோரவில்லை. இணைப்பு: இன்வாய்ஸ், வங்கி விவரம், திரைப்பதிவு.’

கடைசிக்கு முந்தைய வரியைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். ‘பொருளைத் திருப்பி அனுப்புங்கள், முழுப் பணமும் தருகிறோம்’ என்று ஒரு சமாதானம் வரும். பொருள் உங்களுக்குத் தேவையென்றால் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. கூடுதலாகப் பிடித்ததைத் தருவதற்கும் பொருளுக்கும் சம்பந்தமில்லை.

‘வாலட்டில் போட்டுவிடுகிறோம்’, ‘கூப்பன் தருகிறோம்’ என்பதற்கும் சரி சொல்லாதீர்கள். நீங்களாக ஒப்புக்கொண்டால் ஒழிய, கட்டிய வழியிலேயே ரீஃபண்ட் போக வேண்டும் என்று பேமெண்ட் நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. சாட்டில் அவசரத்தில் தட்டும் ஒரு ‘ஓகே’ அந்த ஒப்புதலாகிவிடும்.

கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, கட்டணத்தைத் துளித்துளியாகக் காட்டுவது, வெளியேற முடியாத சந்தா ஆகிய மூன்றும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் அறிவித்த வழிகாட்டு நெறிகளில் தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகளில் அடங்கும். இவற்றுக்குப் பெயரான ‘டார்க் பேட்டர்ன்’ என்ற சொல்லைக் கடிதத்தில் போடுங்கள். அந்தச் சொல் வந்த பிறகு எங்களுக்குப் பதில் எழுதிய ஆளே மாறினார்.

மார்க்கெட்பிளேஸ் தளமாக இருந்தால், விற்பவர் ஒருவர், தளம் நடத்துபவர் இன்னொருவர். இன்வாய்ஸில் விற்பவர் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்கும். கடிதத்தை இருவருக்குமே போடுங்கள். அந்த ஜிஎஸ்டி எண் உண்மையானதா என்று ஜிஎஸ்டி இணையதளத்தில், லாகின் இல்லாமலேயே தேடிப் பார்க்கலாம்.

5. வங்கியில் டிஸ்ப்யூட் (பிடித்தத்தை மறுக்கும் புகார்) போடுங்கள்

கடை ஒரு வாரம் பதில் சொல்லவில்லை அல்லது மறுத்துவிட்டது என்றால் வங்கிக்குப் போங்கள். ஒரு மாதம் முழுக்கக் கடைக்காகக் காத்திருக்காதீர்கள், ஏனென்றால் வங்கிப் பக்கம் கெடு ஓடிக்கொண்டிருக்கும். கார்டு நிறுவனங்களின் சார்ஜ்பேக் (பிடித்த பணத்தை வங்கி வழியாகக் கடையிடமிருந்து திரும்ப எடுப்பது) கெடு பல வகைகளுக்கு 120 நாள் என்றாலும், உங்கள் வங்கி ஸ்டேட்மெண்ட் வந்த 30 நாளுக்குள் சொல்லச் சொல்லலாம். கார்டின் விதிமுறையில் பாருங்கள். பார்க்க முடியாவிட்டால் 30 நாளையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டுக்கு டிஸ்ப்யூட் படிவம் ஒன்று உண்டு, நெட் பேங்கிங்கிலேயே நிரப்பலாம். அதில் காரணத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். ‘இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஓடிபி போட்டது நீங்கள்தான், அது அவர்கள் பதிவில் இருக்கும், புகார் அப்போதே விழுந்துவிடும். தொகை மாறியிருக்கிறது, இரண்டு முறை பிடித்தார்கள், ரத்து செய்த பிறகும் பிடித்தார்கள், ரீஃபண்ட் தருவதாகச் சொல்லித் தரவில்லை என்ற காரணங்களில் உங்களுக்குப் பொருந்துவதைப் போடுங்கள். கேட்கும் தொகையும் கூடுதலாகப் பிடித்தது மட்டுமே. பொருளைக் கையில் வைத்துக்கொண்டு முழு 1,297-ஐயும் கேட்டால் கடை சுலபமாக மறுத்துவிடும்.

வங்கி சில நாளில் தற்காலிகமாகப் பணத்தை வரவு வைக்கலாம். அது முடிவல்ல. கடை தன் பக்கச் சான்றைக் கொடுத்தால் அந்த வரவைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கிரெடிட் கார்டு என்றால் ஒரு விஷயம்: டிஸ்ப்யூட் போட்டுவிட்டோமே என்று பில் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். தகராறில்லாத தொகையைக் கெடு தேதிக்குள் கட்டுங்கள். தகராறான தொகையை என்ன செய்வது என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாமதக் கட்டணமும் வட்டியும் சிபில் மதிப்பெண் அடியும் சேர்ந்தால், பிடித்த தொகையை விட அது பெரிதாகிவிடும்.

யுபிஐயில், அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் உதவி அல்லது புகார் என்று ஒரு இணைப்பு இருக்கும். முதலில் அங்கே பதியுங்கள். பிறகு அதே விவரத்தோடு உங்கள் வங்கிக்கும் எழுதுங்கள். ‘நீங்களே பின் எண் போட்டுக் கட்டியது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது’ என்று கிளையில் சொல்வார்கள். அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

வங்கி 30 நாளில் பதில் சொல்லவில்லை, அல்லது சொன்ன பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். ரிசர்வ் வங்கியின் புகார் மேலாண்மை இணையதளத்தில் பதிய வேண்டும், செலவு எதுவும் கிடையாது. தகவலுக்கு 14448. வங்கிக்கு எழுதாமல் நேராக அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் விசாரிப்பது வங்கியின் குறையைத்தான், கடையின் குறையை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். 24 மணி நேர முன்னறிவிப்பு வரவில்லை, ரத்து செய்த மேண்டேட்டில் மறுபடி பிடித்தார்கள் என்பவை வங்கியின் குறைகள்.

6. 1915

தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் இலவச எண் 1915. தமிழிலேயே பேசலாம். வாட்ஸ்அப் வேண்டுமானால் 8800001915. அவர்களுடைய இணையதளத்திலும் செயலியிலும் ஆவணங்களை ஏற்றலாம். எனக்கு இணையதளம்தான் நல்லது என்று படுகிறது, படங்களையும் பில்லையும் ஒரே இடத்தில் சேர்த்துவிடலாம்.

இவர்கள் நீதிமன்றம் இல்லை. உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பி, பதில் வாங்கித் தருவார்கள், அவ்வளவுதான் அதிகாரம். ஆனால் பெரிய நிறுவனங்கள் பல இந்த அமைப்போடு இணைந்திருக்கின்றன. கடையின் சாதாரண கஸ்டமர் கேரில் கிடைக்காத ஆள் இங்கே கிடைப்பார். எங்கள் 847 ரூபாயும் இந்த வழியில்தான் நகர ஆரம்பித்தது.

நிறுவனம் ஏதாவது ஒரு பதிலைப் போட்டதும் புகார் முடிந்ததாகக் காட்டும் நிலை வரலாம். ‘ரீஃபண்ட் தொடங்கப்பட்டது’ என்ற வரியை நம்பி விட்டுவிடாதீர்கள். பணம் வரவில்லையென்றால் அதே எண்ணைச் சொல்லி மறுபடி எழுதுங்கள். இங்கே கிடைக்கும் டாக்கெட் எண்ணும் (புகார் எண்) நிறுவனத்தின் பதிலும் அடுத்த படிக்கு ஆவணங்கள்.

7. மாவட்ட நுகர்வோர் ஆணையம்

இதுவரை வந்தும் பணம் வரவில்லையென்றால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பலர் இங்கே வரப் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் ஊர் அல்லது வேலை பார்க்கும் ஊர் எந்த மாவட்டமோ அங்கேயே வழக்குப் போடலாம். கடை பெங்களூரிலோ குருகிராமிலோ இருக்கட்டும், அவர்கள்தான் திருநெல்வேலிக்கோ தர்மபுரிக்கோ பதில் சொல்ல வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை.

பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நீங்கள் கட்டிய விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் ஆணையத்தில் கட்டணமே இல்லை. நகல், அச்சு, நோட்டரி, ஸ்பீட் போஸ்ட் செலவு மட்டும் உங்களுடையது. பிடித்ததோடு நிற்காமல் மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்துக் கேட்கலாம், எவ்வளவு தருவது என்பது ஆணையத்தின் முடிவு.

வழக்குக்கு முன் நிறுவனத்தின் பதிவு அலுவலக முகவரிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும், 15 நாள் கெடு கொடுத்து நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பும் ஒரு பக்கக் கடிதம் பல வழக்குகளை வாசலிலேயே முடித்துவிடும். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது, அதனால் ஸ்பீட் போஸ்டில் போட்டு, ரசீதையும் டெலிவரி ஆனதைக் காட்டும் பக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் வழக்குப் போட, 2025 ஜனவரியிலிருந்து இ-ஜாக்ரிதி என்ற தளம் இருக்கிறது. முன்பு இருந்த இ-தாக்கிலின் வேலையை இப்போது இதுதான் செய்கிறது. செல்பேசி எண், மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்துகொண்டு, இந்த வரிசையில் பிடிஎஃப்களை ஏற்றுங்கள்: ஆவணப் பட்டியல், தேதி வாரியாக நடந்தவை, புகார் மனு, உறுதிமொழிப் பத்திரம், இன்வாய்ஸ், வங்கி ஸ்டேட்மெண்டில் அந்தப் பக்கம், மின்னஞ்சல்கள், 1915 டாக்கெட், நோட்டீஸும் ரசீதும், முகவரிச் சான்று. எதிர்த்தரப்பாக விற்றவரையும் தளத்தையும் சேர்த்தே போடுங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் விட்டவர்மேல் பழி போடுவார்.

ஏற்பதா வேண்டாமா என்பதைச் சாதாரணமாக 21 நாளில் ஆணையம் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போனதிலிருந்து மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். காணொளி வழியாக ஆஜராகக் கேட்கலாம். சட்ட உதவி வேண்டுமென்றால் 15100-ஐ அழைத்து உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு.

வெறும் 49 ரூபாய்க்கு ஆணையம் வரை போவதா என்று கேட்டால், என் கருத்து இது: தொகை சின்னதாக இருந்தால் 1915-உடன் முடிய விடுங்கள், மாதாமாதம் பிடித்தவர்களையும் எம்ஆர்பிக்கு மேல் விற்றவர்களையும் விடாதீர்கள்.

8. ரீஃபண்ட் வந்ததும்

‘அனுப்பிவிட்டோம்’ என்று கடை சொன்னால் எண் கேளுங்கள். கார்டு ரீஃபண்ட் என்றால் 23 இலக்க ஏஆர்என், யுபிஐ என்றால் 12 இலக்க எண். அந்த எண் இருந்தால் பணம் எங்கே நிற்கிறது என்று வங்கியால் பார்க்க முடியும். எண் தர முடியவில்லையென்றால் பெரும்பாலும் அனுப்பவே இல்லை. கார்டுக்கு ஐந்திலிருந்து ஏழு வேலை நாள் ஆவது சாதாரணம்.

தொகையைச் சரிபாருங்கள். கட்டணத்தின் மேல் போட்ட ஜிஎஸ்டியும் சேர்ந்தே திரும்ப வேண்டும். 399-இல் வரியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்புவது நடக்கிறது.

பணம் கணக்கில் விழுந்த பிறகே 1915 புகாரையும் வங்கி டிஸ்ப்யூட்டையும் முடிக்கச் சொல்லுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். சில நேரம் கடை ஒருபக்கம் ரீஃபண்ட் தர, வங்கியும் சார்ஜ்பேக்கில் அதே தொகையை வரவு வைத்துவிடும். அந்த இரண்டாவது வரவு உங்களுடையதல்ல, எப்படியும் திரும்ப எடுப்பார்கள். அதைச் செலவழிக்காமல் வைத்திருந்து, வந்த தேதியைக் குறிப்பிட்டு வங்கிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.